சபைனா வீட்டு மூன்றாவது நாற்காலி

சபைனா செத்து எட்டு மாதம் ஆகிறது. அடக்கப் பூசையில் பாதர் அவளைப் பற்றி, பக்தியானவள், அமைதியானவள் என்றார். இரண்டும் பொய். கிறிஸ்துமஸ் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஈஸ்டருக்கு ஒரு புதுத் துணி எடுக்க மாட்டாள். வருஷத்தில் அவளுக்கு இருந்தது ஒரே நாள், அக்டோபர் முப்பத்தொன்று, செத்தவர்கள் வீடு தேடி வருகிற ஹாலோவீன். அமைதி என்பதோ, அவளைப் பெட்டியில் வைத்து மூடின பிறகு வந்தது.

நானும் அவளும் ஒன்றாக வளர்ந்து அடுத்தடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். நடுவில் ஒரு கல்சுவரும் ஒரு டர்னிப் கிழங்கு வயலும் மட்டும்தான். அதனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு பாதருக்குத் தெரியாது. பாவமன்னிப்புக் கேட்கப் போனால்கூட அவள் பாதி அளந்துதான் விடுவாள்.

அவள் பிறந்ததே ஹாலோவீன் ராத்திரியில்தான். அந்த ராத்திரியில் பிறந்தவர்களுக்கு மற்றவர் கண்ணில் படாதது படும் என்று எங்கள் தீவில் சொல்வார்கள். சின்ன வயதில் அவள் கண்ணில் பட்டதெல்லாம் அடுத்தவள் தட்டில் இருந்த பெரிய துண்டுதான். அதற்கு நானே சாட்சி.

ஆகஸ்டு மாதமே டர்னிப் வரிசையில் நடந்து, எது நன்றாகப் பெருக்கும் என்று பார்த்துக் குச்சி நட்டுவைப்பாள். அதை யாரும் பிடுங்கக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது. அக்டோபரில் அதைத் தோண்டி, உள்ளே குடைந்து, கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டி மெழுகுவத்தி வைப்பாள். அந்த முகங்களை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். வெறும் பேய் முகம் இல்லை. ஊரில் யாராவது ஒருவருடைய முகம், செத்து மூன்று நாள் ஆனால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு வருஷம் தபால்காரன். ஒரு வருஷம் நான்.

"மூக்குதான் சரியா வரலடி ஹோனர்," என்றாள். "உன் மூக்கு அளவுக்கு டர்னிப் எங்க வெளையுது?"

அன்றைக்கு அவள் வீட்டில் எல்லாம் முறைப்படி நடக்கும். முட்டைக்கோசு போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி பண்ணி வெண்ணெய். உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டிக்குள் ஒரு மோதிரம், ஒரு கந்தல், ஒரு குச்சி. மோதிரம் கிடைத்தவளுக்குக் கல்யாணம், கந்தல் கிடைத்தவளுக்கு வறுமை, குச்சி கிடைத்தவளுக்கு அடிக்கிற புருஷன். எனக்கு எப்போதும் கந்தல். இருட்டிய பிறகு தண்ணீரை வெளியே ஊற்றுவதற்கு முன்னால், "தண்ணி வருது, தள்ளி நில்லுங்க" என்று குரல் கொடுப்பாள். முற்றத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் ஊற்றுவாள், யாரோ வயதானவர்கள் மெதுவாக விலகுகிறார்கள் என்பதுபோல.

படுக்கப் போகும்முன் செய்வதுதான் முக்கியம். அந்த வீட்டில் செத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை நாற்காலி கணப்பைப் பார்த்துப் போட வேண்டும். ஒரு தட்டில் ரொட்டி, ஒரு குவளை தண்ணீர். தாழ்ப்பாள் போடக்கூடாது. சாம்பலைத் துடைப்பத்தால் இழுத்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி சமனாக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் படுத்துவிட வேண்டும், எட்டிப் பார்க்கக்கூடாது. காலையில் சாம்பலில் கால் தடம் இருக்கிறதா என்று பார்ப்போம். விரல் நுனி வாசலைப் பார்த்திருந்தால் அந்த வீட்டு ஆள் செத்தவர்களோடு சேர்ந்தாயிற்று. உள்ளே பார்த்திருந்தால் புதிதாக ஓர் ஆள் வரப்போகிறார்.

புருஷன் மேனஸை அவள் பிடித்ததும் ஒரு ஹாலோவீனில்தான். கணப்பின் ஓரத்தில் இரண்டு கொட்டையை வைத்து, ஒன்று நான், ஒன்று அவன் என்று பெயர் சொல்லிப் பார்ப்போம். சேர்ந்து எரிந்தால் நல்லது. ஒன்று வெடித்துக் குதித்தால் அவன் நிலைக்க மாட்டான். மேனஸின் கொட்டை வெடித்து, அறையைக் கடந்து, அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சபைனா இடுக்கியோடு குனிந்து அதை எடுத்துவந்து திரும்பவும் நெருப்பில் வைத்து, எரிந்து முடியும்வரை இடுக்கியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அது கணக்கில்லடி," என்றேன்.

"புடிச்சு வச்சா நிக்கும்," என்றாள்.

இருபத்து நான்கு வயதில் அவனைக் கட்டிக்கொண்டாள். பார்க்க நல்லவன்தான். உயரம். குடி இல்லை. ஒரு பழக்கம் மட்டும் உண்டு, யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவான். இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லா ஆண்களையும்போல ஜூனில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போவான், ஹாலோவீனுக்கு முன்னால் திரும்பிவிடுவான்.

மூன்றாவது வருஷம் திரும்பவில்லை. அவனோடு அதே கூட்டத்தில் வேலை செய்த ஓவன் கில்பேன்தான் அவனுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓவன் ரோட்டுக்கு மேற்புறம் தனியாக இருந்தவன், படகுக்குத் தார் பூசுகிறவன், ஒரு வார்த்தை பேச ஒரு நாள் யோசிக்கிறவன்.

"செப்டம்பர்ல ஒரு நாள் காலையில புகையிலை வாங்கிட்டு வரேன்னு போனான்," என்றான். "வரல. தேடினோம்."

அவ்வளவுதான். கடிதம் இல்லை, பணம் இல்லை, பிணமும் இல்லை.

பாதர், பிரேதமோ காகிதமோ இல்லாமல் உன்னை விதவை என்று எழுத முடியாது என்றார். ஊரார் பாதிப் பேர் செத்துவிட்டான் என்றார்கள், பாதிப் பேர் வேறொருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். சபைனா ஹாலோவீன் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்ததும் மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று இரண்டே நாற்காலி போட்டாள். மறுநாள் காலையில் சாம்பலைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகம் விளக்கு மாதிரி இருந்தது.

"தடமே இல்லடி. செத்திருந்தா வந்திருப்பான். அவனுக்கு வீடு தெரியாதா? உயிரோடதான் இருக்கான்."

"உயிரோட இருந்து வராம இருக்கறது என்ன பெருமை?" என்றேன். "அதுக்குச் செத்தே போயிருக்கலாம்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே இரண்டு நாற்காலி, அதே சமமான சாம்பல், அதே ஓட்டம். மற்றவர்கள் அந்த ராத்திரியைப் பயந்து கழித்தார்கள். அவள் வருஷம் முழுக்க அதற்காக ஏங்கினாள். அவள் புருஷனிடமிருந்து வருகிற ஒரே சேதி அதுதான். வரவில்லை என்பதுதான் சேதி.

எனக்கும் அதற்குள் கணக்கு மாறியிருந்தது. மேனஸ் போன ஐந்தாம் வருஷம் என் புருஷன் ஃபெஸ்டி நண்டுக்கூடு எடுக்கப் போய்ப் படகு கவிழ்ந்து செத்தான். ஒன்பது நாள் கழித்துக் கரை ஒதுங்கினான். காலில் இடது பூட்ஸ் மட்டும் இருந்தது. வலது கடலோடு போய்விட்டது. அந்த இடது பூட்ஸை நான் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், நல்ல தோல், அவ்வளவுதான். ஹாலோவீனுக்கு அவனுக்கு நாற்காலி போடவில்லை. கதவைத் தாழ் போட்டு, தாழ்ப்பாளுக்குமேல் கட்டையும் கொடுத்துவிட்டுப் படுத்தேன். ஒன்பது நாள் கடலில் கிடந்தவனை நான் துடைத்துக் கிடத்தியிருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மேனஸ் போன எட்டாவது வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஹாலோவீன் மாலையில் வேஷக்காரர்கள் வந்தார்கள். தலையிலிருந்து தோள்வரை வைக்கோல் கூண்டு மாட்டிக்கொண்டு, பெண்கள் சட்டையை ஆண்கள் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் வீடு வீடாக வருவார்கள். வீட்டுக்காரி யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சொன்னால் முகத்தைக் காட்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் சபைனாவோடு கணப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து பேர். நான்கு பேரை அவள் நொடியில் சொல்லிவிட்டாள், ஒருத்தனை இருமலை வைத்து, ஒருத்தனை வளைந்த காலை வைத்து. "உன் பாவாடையை உன் பொண்டாட்டி தேடிட்டு இருப்பா, குடுத்துடு," என்று ஒருவனை விரட்டினாள். ஐந்தாவது ஆள் வாசலிலேயே நின்றிருந்தான். உயரம். வைக்கோலுக்குள் மூச்சு மட்டும் கேட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான். வெறுங்காலோடு உள்ளே வந்தான்.

சபைனாவின் கையிலிருந்த ஆப்பிள் கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அவள் எழுந்து போய் அவன் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். அவ்வளவு சன்னமான குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "சூடாத்தான் இருக்கு. வந்துட்டியா?"

அவன் வைக்கோலைத் தலையிலிருந்து எடுத்தான். ஓவன் கில்பேன். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பூட்ஸ்ல சாணி, சபைனா," என்றான். "தரை கழுவியிருந்துச்சு. அதான்."

அவள் கையை விட்டாள். ஆப்பிளைக் குனிந்து எடுத்துத் துடைத்து அவனிடமே கொடுத்தாள். யாரும் பாடவில்லை, கூத்தும் ஆடவில்லை. வேஷக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஓவன் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டான். சுவர் அருகே நின்று ஒரு கல்லைத் தள்ளிச் சரியாக வைத்தான்.

"ஆகஸ்ட்ல அவகிட்டக் கேட்டேன்," என்றான்.

"என்ன கேட்ட?"

"என்ன கேப்பாங்க? கட்டிக்கிறியான்னுதான்."

"என்ன சொன்னா?"

"உயிரோட இருக்கறவன் பொண்டாட்டின்னா." அவன் ஆப்பிளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "கடலுக்கு அந்தப் பக்கம் கிளீவ்லண்ட்ல அண்ணன் இருக்கான். வரச் சொல்லி எழுதியிருக்கான். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் போயிடலாம்னு பாக்கறேன். அவ விதவைன்னு தெரிஞ்சா இருப்பேன். இல்லன்னா, இப்படிப் பாத்துக்கிட்டே எத்தனை வருஷம் தார் பூசறது?"

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. நல்ல மனுஷன், சூடான கையுள்ளவன், கப்பல் ஏறப்போகிறான். இவள் வராத ஒருத்தனுக்காகச் சாம்பல் வாரிக்கொண்டிருக்கிறாள். அவளை விதவையாக்க ஒரு தடம் போதும். தடம்தானே வேண்டும், நான் வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யோசனைக்குக் குறைவில்லை.

விடிவதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியிலிருந்து ஃபெஸ்டியின் பூட்ஸை எடுத்துச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வயலைக் கடந்தேன். காற்று இல்லை. எங்கள் தீவில் காற்று இல்லாத விடியல் வருஷத்துக்கு இரண்டு கூட வராது. சபைனாவின் ஜன்னலில் டர்னிப் முகம் அணையும் தறுவாயில் இருந்தது. அந்த வருஷம் யாருடைய முகத்தை வெட்டினாள் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. கிட்டப் போனபோது தெரிந்தது. மேனஸ்.

கதவு தொட்டதும் திறந்தது. உள்ளே கணப்பில் எரித்த சதுப்புமண் கட்டியின் கங்கு கொஞ்சம் சிவப்பாக இருந்தது. இரண்டு நாற்காலியும் கணப்பைப் பார்த்து இருந்தன. நான் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாராவது உட்கார்ந்திருக்கும் அறையில் நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்குமே, அப்படி ஒரு நிசப்தம். முழங்காலிட்டு, பூட்ஸின் நுனி வாசலைப் பார்க்கும்படி வைத்து, குதிகாலில் என் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினேன். எடுத்தேன். நல்ல தடம். ஒன்று. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சபைனா வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.

"வந்து பாருடி ஹோனர்."

வழியெல்லாம் அழுவதற்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவள் கணப்புக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

சாம்பலில் இரண்டு தடம் இருந்தது. ஒன்று இடது, ஒன்று வலது. ஒரு மனிதன் காலைச் சேர்த்துவைத்து நெருப்புக்கு முதுகு காட்டி நின்றால் எப்படி இருக்குமோ அப்படி.

"மேனஸ் இல்ல," என்றாள் சபைனா. "மேனஸ் பூட்ஸோட வருவானா? பாரு, குதிகால்ல லாடம். லாடத்துல மூணு ஆணி இல்ல. இது உன் ஃபெஸ்டி. எத்தனை வருஷம் இந்தக் கணப்புல காலை நீட்டிட்டு உக்காந்திருக்கான், எனக்குத் தெரியாதா?"

மூன்று ஆணி இல்லாதது இடது பூட்ஸில். வலது லாடம் முழுசாக இருக்கும். நான் குனிந்து பார்த்தேன். வலது தடத்தில் லாடம் முழுசாக இருந்தது. ஓரத்தில் சாம்பல் கட்டிகட்டியாக, நனைந்து காய்ந்ததுபோல இருந்தது.

"உன் வீட்டுக்குப் போகாம இங்க ஏண்டி வந்தான்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

"தாழ் போட்டிருந்தேன்."

"போன வருஷம்?"

"போட்டிருந்தேன்."

"பாவி," என்றாள். "மூணு வருஷமா உன் வாசல்ல நின்னுட்டுத் திரும்பியிருக்கான்."

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரப் போனேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்து, "அதுல இல்ல, அது மாமியார்," என்று தரையில் உட்காரவைத்தாள். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பூட்ஸ், சால்வை, ஓவன், கிளீவ்லண்ட். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை வச்ச?"

"ஒண்ணு. என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு?"

அவள் குனிந்து அந்த வலது தடத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப செத்தவங்க வராங்க. நெசமாவே வராங்க. ஒவ்வொரு வருஷமும் எனக்கே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு, இனி இல்ல. தாழ் போட்ட வாசல்ல நின்ன ஃபெஸ்டியே பக்கத்து வீட்டுக்கு வரான். தொறந்து வச்ச வீட்டுக்கு மேனஸ் வரல. அப்ப அவன் சாகல."

அவளை விதவையாக்கப் போய், பொண்டாட்டியாகவே ஆணி அடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கே ஓவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஜனவரியில் பெட்டியோடு பஸ் ஏறினான். பாலத்தைத் தாண்டி வெஸ்ட்போர்ட் ரயில் ஸ்டேஷன்வரை போய், மறுநாள் பெட்டியோடு திரும்பி வந்தான்.

"ஏண்டா?" என்றேன்.

"மாட்டை யார்கிட்டயும் சொல்லிட்டு வரல," என்றான். அவனிடம் மாடு மூன்று இருந்தது, மூன்றையும் டிசம்பரில் எனக்குத்தான் விற்றிருந்தான். எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

அதற்கப்புறம் நான்கு வருஷம். நானும் ஹாலோவீனுக்குத் தாழ் போடுவதை விட்டேன். ஃபெஸ்டிக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் இடது பூட்ஸ். அவன் வந்தானா இல்லையா என்பது எனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

நான்காம் வருஷம் ஹாலோவீன் மாலையில் சபைனா வீட்டுக்குப் போனேன். டர்னிப் முகம் இல்லை. ரொட்டி வெட்டப்படாமல் இருந்தது. கணப்பின் முன்னால் மூன்று நாற்காலி போட்டிருந்தாள்.

"மூணாவது யாருக்கு?"

அவள் சாம்பலைச் சமன் செய்துகொண்டே பேசினாள். "ஒரு வாரமாச்சு. ராத்திரியானா வாசல்ல சத்தம் கேக்குது. யாரோ உக்காந்து பூட்ஸ் கழட்டற மாதிரி. ஒண்ணு விழும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் ஒண்ணும் இல்ல. உள்ள வரல."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"இன்னிக்குத்தானே வர முடியும்?" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட வரவில்லை. நானே போனேன். கணப்பின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சாம்பலில் ஒரே ஒரு வெறுங்கால் தடம். இடது. இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறியிருந்தது. நுனி வாசலைப் பார்த்திருந்தது. சபைனா தன் உள்ளங்கையைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், தொடவில்லை. தட்டில் ரொட்டி உடைந்திருந்தது. எலியாகவும் இருக்கலாம்.

"வந்துட்டான்," என்றாள். அழவில்லை. துடைப்பத்தை எடுத்து அவளே பெருக்கினாள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஏதோ ஒரு பாதர் எழுதிய கடிதம் வந்தது. டீச்சரம்மா படித்துக் காட்டினாள். மேனஸ் அக்டோபர் இருபத்து நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் செத்தான். அங்கே அவனோடு ஒருத்தி, மூன்று பிள்ளைகள். சாகும்போது இந்த வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறான். டீச்சரம்மாவுக்கு அந்தப் பிள்ளைகள் விஷயத்தைப் படிக்கக் கூச்சம். குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தமாவே படிங்க," என்றாள் சபைனா. "இருபத்து நாலு. சத்தம் கேக்க ஆரம்பிச்ச ராத்திரி. பன்னெண்டு வருஷம் உயிரோட இருந்து வழி தெரியல. செத்த அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு."

காகிதம் வந்துவிட்டதால் பாதருக்கும் திருப்தி. தவக்காலம் தொடங்குவதற்குள் ஓவனைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தொன்பது வயது மணமகள். ரொட்டியில் அவளுக்கு ஒரு தடவைகூட மோதிரம் கிடைத்ததில்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன். "குச்சியும் கிடைக்கல," என்றாள்.

முப்பத்தோரு வருஷம் அவள் வீட்டிலேயே சேர்ந்து இருந்தார்கள். ஹாலோவீன் அவளை விடவில்லை. ஆகஸ்டில் குச்சி நடுவாள், முகம் வெட்டுவாள், தண்ணீர் ஊற்றும்முன் குரல் கொடுப்பாள். மேனஸுக்கும் நாற்காலி போடுவாள். ஓவன் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "அவன் காலைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லு, எனக்கும் குளிருது," என்றான். அந்த மனிதன் சொன்ன ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் அவள் போனாள். நுரையீரல். இப்போது ஓவனுக்கு எழுபத்தாறு. போன வாரம் ஹாலோவீன். சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றான். நான் டர்னிப் வெட்டிக்கொண்டிருந்தேன், கோணலாக வந்தது.

"நாலு போட்டாச்சு," என்றான்.

"சரி. படுக்கப் போ."

போகவில்லை. யோசித்தான்.

"அவளோடத எங்க போடறதுன்னு தெரியல ஹோனர். மேனஸ் பக்கத்துல போட்டேன். முறைப்படி அதானே? மொதல்ல கட்டினவன். செத்தவனும்கூட." தொப்பியைக் கையில் சுற்றினான். "அவ அவனுக்குத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தா. நான் கேக்கறது, அங்க போனா அவ யாரோட பொண்டாட்டி?"

நான் டர்னிப்பையும் கத்தியையும் கீழே வைத்தேன்.

"நீ உயிரோட இருக்க," என்றேன். "எட்டிப் பாக்காத. உள்ளறைக் கதவைச் சாத்திட்டுப் படு."

காலையில், வெளிச்சம் சரியாக வருவதற்குள், அவன் வயலைக் கடந்து வந்தான். இந்த வயதில் அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வந்த வழியைக் கையால் காட்டினான். நான் சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

சாம்பல் சமமாக இருந்தது, ஒரு தடம் இல்லை. மூன்று நாற்காலிகள் கணப்பைப் பார்த்தபடி போட்ட இடத்திலேயே இருந்தன. நான்காவது, சபைனாவுடையது, அங்கே இல்லை. மேனஸுக்கும் நெருப்புக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அறையின் மறுகோடியில், ஓவன் படுக்கிற உள்ளறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. கிட்டத்தில். உட்கார்ந்தவர் முழங்கால் கதவில் இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில்.

"பூனையா இருக்கும்," என்றான் ஓவன்.

அது ஓக் மரத்து நாற்காலி. அவனே மூச்சு வாங்கத் தரையோடு இழுத்தால்தான் நகரும்.

"ஆமா," என்றேன். "பூனைதான்."

நகர்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ராத்திரி அதைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கப் போகிறான்.